மெக்குகளுக்குப் பத்திரிகை போகவில்லை

க்ளென் ஓராவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு மெக் மேல்தான் விழும். ஒரு மெக்நீல் தலையில் பட்டுத் தெறித்து, ஒரு மெக்ஐசாக் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மெக்கின்னன் வீட்டு ஜன்னலை உடைக்கும். கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த ஊருக்கு ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வேறு பெயரே கொண்டு வரவில்லையோ என்று தோன்றும். நடுவே கொஞ்சம் கில்லிஸ், கொஞ்சம் பீட்டன், கொஞ்சம் ரேங்கின் உண்டு. அவர்களும் அம்மா வழியில் மெக்குகள்தான்.

இப்படிப்பட்ட ஊருக்கு மருமகளாகப் போகிற பெண், ஊரில் இருக்கிற அத்தனை மெக்குகளையும் விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. மூன்று வாரம் அடுப்படிக்கு அடுப்படி இதே பேச்சு. அந்த மூன்று வாரமும் அது தெரியாமல் இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவள்தான் கல்யாணப்பெண், ஒடெட் டெவோ.

ஒடெட் கடலோரச் சாலையில் அரை மணி தள்ளி, பிரெஞ்சு பேசும் பெலான்ஸைச் சேர்ந்தவள். அதே தீவிலுள்ள சிட்னி நகரத்தில் ஒரு கப்பல் சாமான் நிறுவனத்தின் டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. எத்தனை சங்கிலி, எத்தனை நங்கூரம், எது எந்தக் கிடங்கில் என்று யார் கேட்டாலும் அவள் ஒரு வரி தட்டுவாள், பதில் வந்து நிற்கும். அப்படித் தட்டுகிற கேள்விக்கு அவர்கள் க்வெரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒடெட்டின் க்வெரி தப்பாகாது என்று அலுவலகத்தில் பேச்சு. அதை அவளும் நம்பினாள் என்பதுதான் வம்பே.

கல்யாண விருந்தாளிகளையும் அவள் ஒரு டேட்டாபேஸில்தான் போட்டு வைத்தாள். பெயர், முகவரி, நண்டு ஒத்துக்கொள்ளாதவர் யார், யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்று தனித்தனிக் கட்டம். க்ளென் ஓராக்காரர்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் பத்தி பத்தியாக நீண்டது. பத்திரிகையை அச்சடித்து, உறையில் போட்டு, முகவரி ஒட்டித் தபாலில் சேர்ப்பதுவரை எல்லாவற்றையும் ஹாலிஃபாக்ஸில் ஒரு கடை செய்து தந்தது. நாம் முகவரிக் கோப்பை அனுப்பினால் போதும். ஆனால் ஒரு கோப்பில் இத்தனை பேர்தான் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். ஒடெட்டின் விருந்தாளிகள் அதற்கு மேலே.

‘சரி, இரண்டாகப் பிரித்தால் போயிற்று’ என்று மத்தியான இடைவேளையில், ஒரு கையில் சாண்ட்விச்சோடு அவள் உட்கார்ந்தாள். பிட்வீன் என்று ஒரு கட்டளை உண்டு. இதற்கும் அதற்கும் இடையே இருப்பதையெல்லாம் கொடு என்றால் கொடுக்கும். குடும்பப் பெயர் ‘ஏ’க்கும் ‘எம்’முக்கும் இடையே இருப்பவர்கள் ஒரு கோப்பு. ‘என்’னுக்கும் ‘இஸட்’டுக்கும் இடையே இருப்பவர்கள் இன்னொரு கோப்பு. ஆங்கில எழுத்து மொத்தமும் அடங்கிவிட்டது, அப்புறம் என்ன? அதற்குள் கிடங்கிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு கோப்பையும் அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். திறந்து பார்க்கவில்லை. பத்து வருஷமாக அந்தக் கட்டளையோடு குப்பை கொட்டியவள் எதற்குத் திறந்து பார்க்கப் போகிறாள்?

பத்திரிகை போய்ச் சேர்ந்தது. பெலான்ஸிலிருந்து பதில் அட்டைகள் வந்து குவிந்தன. ஓக்வான் வீட்டில் ஆறு பேர், பூத்ரோ வீட்டில் எட்டு பேர், எல்லோருக்கும் நண்டு. மாப்பிள்ளை ஊரிலிருந்து கில்லிஸ்கள் எழுதினார்கள், பீட்டன்கள் எழுதினார்கள். மற்றபடி சத்தமே இல்லை.

மாப்பிள்ளை லாக்கி மெக்லெல்லன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் எலக்ட்ரீசியன். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்று இருந்தவன், கல்யாணத்துக்கு லீவு சேர்க்கிறேன் என்று இந்த முறை ஒரேயடியாக அங்கேயே தங்கிவிட்டான். ஒடெட் போனில் கேட்டாள்.

“உங்க ஆளுங்க ஒருத்தரும் பதில் போடலையே லாக்கி?”

“எங்க ஆளுங்களா? பதில் போடறதா? நீ வேற. சாப்பாட்டு நேரத்துக்கு நேரா வந்து நிப்பாங்க. நூறு தட்டு அதிகமா சொல்லி வை.”

அவளும் சிரித்துக்கொண்டே நூறு தட்டு அதிகமாகச் சொல்லி வைத்தாள்.

அந்த சனிக்கிழமைதான் அவளுக்கு நேரம் கிடைத்தது. எஃபி அத்தையைப் பார்த்து மூன்று வாரமாகிவிட்டது. எஃபி மெக்லெல்லன் லாக்கியின் அம்மா. க்ளென் ஓராவில் எந்தக் கல்யாணத்திலும் பெண் தேவாலயத்துக்குள் நுழையும்போது பிடில் வாசிப்பது அவள்தான். வாய் கத்தி, கை தேன் என்று ஊர் சொல்லும். ஒடெட்டை முதல் நாள் பார்த்தபோதே, “பிரெஞ்சுக்காரியா? பரவாயில்ல, கால் தாளம் போடுது பாரு,” என்று சொல்லி அடுப்படி மேஜையில் இடம் ஒதுக்கிவிட்டாள். தாயில்லாத ஒடெட்டுக்கு அந்த மேஜை எவ்வளவு பெரிய விஷயம் என்பது லாக்கிக்குக்கூட முழுசாகத் தெரியாது. லாக்கியைக் கட்டிக்கொள்கிறாளா, அந்த மேஜையைக் கட்டிக்கொள்கிறாளா என்று அவளே சில சமயம் தன்னைக் கேலி செய்துகொள்வாள்.

மாவுக்குள் இறைச்சி அடைத்த கறிப் பை ஒன்றைச் சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் வீட்டைச் சுற்றிப் போய் அடுப்படிக் கதவைத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே கொக்கி போட்டிருந்தது. க்ளென் ஓராவில் அடுப்படிக் கதவுக்குக் கொக்கி போடுகிறவர்கள் கிடையாது, தட்டிவிட்டு வருகிறவர்களும் கிடையாது. ஒடெட் முதல்முறையாகத் தட்டினாள்.

ஜன்னல் வழியே எஃபியின் முகம் தெரிந்தது.

“முன்வாசப் பக்கம் வாங்க,” என்றாள்.

வாங்க! ‘வாடி, கதவைச் சாத்து, ஈ வருது’ என்று சொல்கிற வாயிலிருந்து வாங்க. அந்த ஊரில் முன்கதவு பாதிரியாருக்கும், போலீஸ்காரருக்கும், சவப்பெட்டிக்கும் மட்டும்தான். மெக்லெல்லன் வீட்டு முன்கதவு திறந்தே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து மாமனார் ஆர்ச்சி தோளைக் கொடுத்து முட்டுகிற சத்தமும், மூச்சு வாங்குகிற சத்தமும், கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டபிறகு அது திறந்தது. ஆர்ச்சி அவளைப் பார்த்துப் பாவமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவளை ஹாலில் உட்கார வைத்தார்கள். தங்க விளிம்பு போட்ட கோப்பையில் டீ வந்தது. கூடவே கடையில் வாங்கின பிஸ்கட். எஃபி வீட்டில் ஓட்ஸ் பிஸ்கட் சுடாத நாள் கிடையாது, அந்த வாசனை இப்போதும் அடுப்படியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தட்டில் இருந்தது கடைச் சரக்கு.

“எடுத்துக்கங்க,” என்றாள் எஃபி.

எஃபியின் தங்கை கேட்டி கில்லிஸும் அங்கேதான் இருந்தாள். யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் உயிரை வைத்திருக்கிற பெண்மணி. “ஒடெட் கண்ணு, பத்திரிகை என்ன அழகுடி! பிரிட்ஜ் மேல காந்தம் வச்சு மாட்டியிருக்கேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கறாங்க,” என்று அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஒடெட் உற்சாகமாகிவிட்டாள். “நிஜமாவா சின்ன அத்தை? உங்களுக்குப் பிடிச்சுதா அத்தை?” என்று எஃபி பக்கம் திரும்பினாள்.

“ரொம்ப அழகா இருக்குன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள் எஃபி.

அத்தை வழக்கம்போல் குத்தலாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து ஒடெட் சிரித்தாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

“அப்புறம் ஒரு விஷயம்,” என்று எஃபி கோப்பையைக் கீழே வைத்தாள். “எனக்குத் தோள்பட்டை வலி. அன்னைக்கு பிடில் வாசிக்க முடியாது. வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கங்க.”

“அத்தை! வலின்னா டாக்டர்கிட்ட... இன்னும் நாள் இருக்கே. வாசிக்காட்டி பரவாயில்ல, நீங்க முன்வரிசைல உக்காந்தாலே—”

“வர முடியுமான்னே தெரியல. வயசாச்சு. கூப்பிட்ட இடத்துக்கே போக முடியறதில்ல இப்பல்லாம்.”

‘கூப்பிட்ட’ என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. கேட்டி அதை ரசித்து டீ குடித்தாள். ஒடெட்டுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துத் திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், அழலாம், சமாதானம் ஆகலாம். வாங்க, உக்காருங்க, எடுத்துக்கங்க என்று மரியாதையால் அடித்தால் என்ன செய்வது? கறிப் பையை மேஜையில் வைத்துவிட்டு, “வர்றேன் அத்தை,” என்று எழுந்தாள். வாசல்வரை வழியனுப்பினார்கள். அதுவும் அந்த வீட்டில் வழக்கமில்லாத மரியாதை.

காரில் ஏறியதும் லாக்கிக்குப் போன் போட்டாள்.

“உங்கம்மா என்னைப் போங்க வாங்கன்னு பேசறாங்க லாக்கி. கடை பிஸ்கட் குடுத்தாங்க.”

“கடை பிஸ்கட்டா? நீ என்ன பண்ணே?”

அந்த நேரத்தில் எந்த ஆணும் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனால் ஆண்கள் கேட்பார்கள்.

“நான் என்ன பண்ணேனா? உங்கம்மா உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“அவ எங்கிட்ட மழையைப் பத்தி மட்டும்தான் பேசுவா. மூணு வாரமா ஒரே மழையாம்.”

“மூணு வாரமா இங்க வெயில் கொளுத்துதுடா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். அழுகையும் கோபமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. முதல்முறையாக, இந்தக் கல்யாணம் நடக்குமா என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. நடந்தாலும், வாழ்நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து தங்க விளிம்புக் கோப்பையில் டீ குடிக்கிற மருமகளாக இருக்க அவளால் முடியாது.

ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினாள். பம்ப் நடத்துகிறவன் டூகி மெக்ஐசாக், லாக்கியின் இன்னொரு சித்தி மகன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பையன். அன்று ஒடெட்டின் அதிர்ஷ்டம் அதுதான்.

“வாங்க அண்ணி. இல்ல, அண்ணின்னு கூப்பிடலாமா? அதுக்கும் பத்திரிகை வேணுமா?”

“என்னடா உளர்றே?”

“நாங்க என்னத்தைக் கண்டோம். மெக்குங்க கூட்டம் ரொம்ப சாப்பிடும், கூப்பிட்டா கட்டுப்படியாகாதுன்னு நீங்க சொன்னீங்களாமே. நான் பாதிதான் சாப்பிடுவேன் அண்ணி, என்னை மட்டுமாவது கூப்பிட்டிருக்கலாம்.”

“டூகி, உனக்குப் பத்திரிகை வரல?”

“எனக்கு வரல. எங்கப்பாவுக்கு வரல. ஹெக்டர் மெக்நீலுக்கு வரல, எதிர்வீட்டு மெக்கின்னனுக்கு வரல. எஃபி பெரியம்மாவுக்கே வரலையாம், அப்புறம் நாங்க யாரு? ஊர்ல உங்களுக்குப் பேரே வச்சாச்சு. ‘மெக்கைக் கழிச்சவ’.”

எஃபி பெரியம்மாவுக்கே. ஒடெட் பம்ப்பின் மேல் சாய்ந்துகொண்டாள். “வேற யாருக்கு வரல? யோசிச்சு சொல்லு. மெக் இல்லாதவங்க யாருக்காவது?”

டூகி தலையைச் சொறிந்தான். “முர்ரே டாக்டருக்கு வரல. மாரிசன் டீச்சர் கோவமா இருக்காங்க. ம்... உங்க கேக் செய்யறாரே ஸ்விக்கர், அவர்கூட ‘கேக்குக்கு மட்டும் நான் வேணும்’னு சொல்லிக்கிட்டிருந்தாரு.”

முர்ரே. மாரிசன். மெக், மெக், மெக். ‘எம்’ வரிசை மொத்தமும். கடைசியாக ‘இஸட்’டில் தொடங்குகிற ஒரே ஆளான ஸ்விக்கர். ஒடெட் பெட்ரோல் மூடியைக்கூட மூடாமல் காருக்குள் பாய்ந்து, மடிக்கணினியை ஸ்டியரிங் மேலேயே திறந்தாள். ஹாலிஃபாக்ஸுக்கு அனுப்பின முதல் கோப்பைத் திறந்தாள். லிவிங்ஸ்டன் என்பவரோடு கோப்பு முடிந்தது. இரண்டாவது கோப்பு நிக்கல்சனில் ஆரம்பித்தது. நடுவில் ஒரு ஊரையே காணோம்.

பிட்வீன் எண்களிடம் நேர்மையான ஆள். பத்துக்கும் இருபதுக்கும் இடையே என்றால் பத்தையும் கொடுக்கும், இருபதையும் கொடுக்கும். எழுத்திலும் அதே நேர்மைதான், அங்கேதான் ஆபத்து. ‘எம்’ வரை என்றால் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்து வரை. ‘எம்’ என்றே யாருக்காவது பெயர் இருந்தால் அவன் உள்ளே வரலாம். மெக்லெல்லனுக்கு ‘எம்’முக்குப் பின்னால் இன்னும் எழுத்துகள் இருக்கின்றன. அகராதி வரிசைப்படி அவன் ‘எம்’மைத் தாண்டிவிட்டான், எனவே வெளியே. இந்தப் பக்கம் ‘என்’னுக்கு முன்னால் நிற்கிறான், எனவே அங்கேயும் வெளியே. இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு காலை வைத்தவன் கதி. ஒற்றை ‘இஸட்’டைத் தாண்டி நின்ற ஸ்விக்கரும் அப்படித்தான் வெளியே போனார். போன மாதம்தான் இதே தப்பைத் தேதியில் செய்த ஒரு புதுப் பெண்ணுக்கு ஒடெட் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் நாலு மில்லரும் இரண்டு மார்ட்டினும் விட்டுப்போயிருப்பார்கள், ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். கேப் பிரெட்டனில் போய் ‘எம்’மில் வெட்டு விழலாமா!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. பின்னால் ஒரு டிரக்காரர் ஹாரன் அடித்தார். “அண்ணி, காசு,” என்றான் டூகி.

“கணக்குல எழுதுடா!” என்று வண்டியைத் திருப்பினாள்.

இந்த முறை முன்வாசல் பக்கம் போகவில்லை. அடுப்படிக் கதவில் இப்போது கொக்கி இல்லை. தட்டவும் இல்லை. உள்ளே எஃபி, ஆர்ச்சி, கேட்டி மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து ஒடெட் கொண்டு வந்த கறிப் பையைத்தான் வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். எஃபி வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் விழித்தாள்.

“அத்தை, உங்களுக்குப் பத்திரிகை வரலையா?”

“எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்.”

“அத்தை, அந்த ‘ங்க’வை முதல்ல நிறுத்துங்க. நான் கம்ப்யூட்டர்கிட்ட ‘ஏ’ல இருந்து ‘எம்’ வரைக்கும் குடுன்னு கேட்டேன். அது ‘எம்’ங்கிற ஒத்தை எழுத்தோட நின்னுடுச்சு. மெக் எல்லாம் அதுக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. நான் வேணும்னு பண்ணல.”

“மெக்குங்க எந்த எழுத்துல ஆரம்பிக்கறாங்க?”

“‘எம்’ல.”

“‘எம்’ வரைக்கும் கேட்டேங்கறீங்க. நாங்க ‘எம்’. ஆனா நாங்க இல்ல.” எஃபி தங்கையைப் பார்த்தாள். “படிச்ச பொண்ணு, நமக்குப் புரியற மாதிரி பொய் சொல்லத் தெரியல.”

ஒடெட் சுற்றிப் பார்த்தாள். போனுக்குக் கீழே அந்த வட்டாரத்து டெலிபோன் புத்தகம் தொங்கியது. அதை எடுத்து மேஜையில் போட்டாள். கறிப் பை வெட்டின கத்தி ஒன்று, வெண்ணெய்க் கத்தி ஒன்று.

“பாருங்க. ‘எம்’ ஆரம்பிக்கிற பக்கம் இது. இங்க ஒரு கத்தி. இதுக்கு முன்னாடி இருக்கிறதெல்லாம் முதல் கோப்பு. இது ‘என்’ ஆரம்பிக்கிற பக்கம். இங்க இன்னொரு கத்தி. இதுக்குப் பின்னாடி எல்லாம் ரெண்டாவது கோப்பு.” இரண்டு பக்கத்தையும் விரித்துத் தள்ளினாள். நடுவில் கொழுத்த ஒரு கட்டு செங்குத்தாக நின்றது. “அப்ப இது?”

ஆர்ச்சி முதல்முறையாக வாயைத் திறந்தார். “அதுதானேம்மா புத்தகமே.”

“அதேதான் மாமா! ரெண்டு கத்திக்கும் நடுவுல நின்ன மொத்தப் பேரும் விழுந்துட்டாங்க.”

எஃபி அந்தக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்பது அவள் உதட்டில் தெரிந்தது. திடீரென்று ஏதோ தோன்றிவிட்டது.

“லாக்கி பேரையும் அந்த மிஷின்ல போட்டிருந்தியா?”

“போட்டிருந்தேன். சாப்பாட்டுக் கணக்குக்காக.”

“அவனும் மெக்லெல்லன்தானே.”

“ஆமா அத்தை.”

“அப்ப அவனுக்கும் பத்திரிகை போகல.”

ஒடெட் அதை யோசித்திருக்கவில்லை. “...போகல.”

எஃபி கத்தியைக் கீழே போட்டாள். “மாப்பிள்ளையையே விட்டுட்டாளேடி!” என்று ஆரம்பித்தவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள்பட்டை வலிக்கிறவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஆர்ச்சிக்கு இருமல் வந்துவிட்டது. தன் வீட்டுப் பிரிட்ஜில் மட்டும் பத்திரிகை இருந்த பெருமை கண் முன்னால் கரைவதைப் பார்த்துக் கேட்டிகூட வேறு வழியில்லாமல் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் ஒடெட்டின் கோபம் மெதுவாக எழுந்தது. “ஏன் அத்தை, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல? மூணு வாரமா மனசுல வச்சுக்கிட்டு... ‘ஏண்டி எனக்குப் பத்திரிகை வரல’ன்னு போன்ல கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே.”

எஃபி எழுந்து அடுப்பு மேலிருந்த ஓட்ஸ் பிஸ்கட் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். உட்காராமல் அங்கேயே நின்றாள்.

“கேக்கலாம்னு பத்து தடவை போனை எடுத்தேன். கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? ‘ஆமா, நீங்க வர வேண்டாம்’னு சொல்லிட்டா நான் என்னடி பண்றது? ஒரே பையன். கேக்காம இருந்தா தபால் தாமதம்னு ஒரு நெனப்பாவது மிச்சம் இருக்கும்.”

ஒடெட் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “நீங்க இல்லாம எனக்கு எந்தக் கல்யாணமும் வேண்டாம் அத்தை,” என்றாள். எஃபி அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “சரி சரி, பிஸ்கட் ஆறுது,” என்று விலக்கிவிட்டாள்.

ஆனால் வேலை பாக்கி இருந்தது. கல்யாணத்துக்கு இருக்கிற நாளில் புதிதாக அச்சடித்துத் தபாலில் அனுப்ப முடியாது. ஒடெட் கணினியைத் திறந்து க்வெரியை மாற்றி எழுதினாள். இந்த முறை பிட்வீனை நம்பவில்லை. ‘எம்’மிலிருந்து தொடங்கு, ‘என்’னைத் தொடும்வரை வருகிறவர்களையெல்லாம் கொடு. மெக்குகள் வந்தார்கள், திரை திரையாக வந்தார்கள். இவ்வளவு பேருக்கும் போன் செய்ய வேண்டும், இவ்வளவு பேரிடமும் இரண்டு கத்திக் கதையைச் சொல்ல வேண்டும்.

“குடு, முதல்ல ஹெக்டருக்கு,” என்று எஃபி சுவர் போனை எடுத்தாள். ஹெக்டர் மெக்நீலிடம் சொல்வதும் ஊரில் தண்டோரா போடுவதும் ஒன்று.

“நான் பேசறேன் அத்தை. தப்பு என்னோடது, நானே விளக்கிச் சொல்றேன்.”

“சும்மா இரு.” எஃபி எண்ணைச் சுழற்றிவிட்டாள். “ஹெக்டரா? எஃபி. பத்திரிகை வரலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியாமே. எப்படி வரும்? அந்தப் பொண்ணு மெக்குங்க பத்திரிகை அத்தனையும் என்கிட்டதான் குடுத்துச்சு. சொந்தக்காரங்களுக்குத் தபால்ல போட்டா மரியாதையான்னு நான்தான் நேர்ல குடுக்கறேன்னு வாங்கி வச்சேன். வாங்கி வச்சு மறந்து தொலைச்சுட்டேன். ...ஆமா, நான்தான். ...ஆமாய்யா, எனக்குத்தான் மறதி. சிரி, நல்லா சிரி. கல்யாணத்துக்கு வந்து சேரு.”

ஆர்ச்சி டீக்கோப்பைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டி வாயைப் பிளந்தாள். ஐம்பது வருஷத்தில் எஃபி எதையாவது மறந்ததாகவோ, மறந்ததை ஒத்துக்கொண்டதாகவோ அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. போனுக்குள் ஹெக்டர் சிரிக்கிற சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. இனி அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போகும்.

“அத்தை, ஏன்? நீங்க எதுக்குப் பழி ஏத்துக்கணும்? நான் சொல்லியிருப்பேன், அவங்களுக்குப் புரியும்.”

“உன் ரெண்டு கத்தியை ஹெக்டருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள உனக்குப் பேரப்புள்ள பொறந்துடும்.” எஃபி போனைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள். “இந்த ஊர்ல ஒரு பேரு வச்சா அது வம்சத்துக்கே ஒட்டிக்கும்டி. ‘மெக்கைக் கழிச்சவ’ன்னு உனக்கு வச்சா, நாளைக்கு உன் புள்ளை ‘மெக்கைக் கழிச்சவ மகன்’, அவன் புள்ளை ‘மெக்கைக் கழிச்சவ பேரன்’. ‘மறதிக்கார எஃபி’ன்னு எனக்கு வச்சா என்னோட போயிடும். அடுத்தது யாரு, படி.”